சதுரங்கப்பட்டினத்து மேசை

நாகையிலிருந்து ராமேசுவரம் வரை மீனவர்கள் தொழில் செய்யும் கடலைப் பாக்கு நீரிணை என்கிறோம். பள்ளிப் பாடப் புத்தகத்திலும் அப்படித்தான், படகு பறிமுதல் செய்திகளிலும் அப்படித்தான். வெற்றிலையோடு சேரும் பாக்குக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பு கிடையாது. ராபர்ட் பாக் என்ற ஆங்கிலேயரின் பெயர் தமிழ் நாக்கில் புரண்டு அப்படி ஆனது. 1763 முதல் 1767 வரை சென்னை ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்தவர் அவர். கவர்னர் ஆவதற்கு முன்பு ஜெபம் நடத்தும் பாதிரியாராக இருந்தார்; ஊர் திரும்பிய பின்பு இருபது ஆண்டுகள் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தார். பாதிரியாரை ராஜதந்திரியாக்கிய நாட்களைத் தேடிப் போனால் ராமேசுவரம் பக்கம் எதுவும் கிடைக்காது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில், சதுரங்கப்பட்டினத்துக்குத்தான் போக வேண்டும்.

சதுரங்கப்பட்டினம் என்ற பெயர் ஐரோப்பியர் வாயில் சட்ராஸ் என்று தேய்ந்தது. சம்புவராயர் காலத்தில் அதற்கு ராசநாராயணன் பட்டினம் என்றும் பெயர் இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இங்கே வந்து கிடங்கு வைத்தார்கள். சுற்று வட்டாரத் தறிகளில் நெய்த மெல்லிய துணி கப்பலேறியது. கடற்கரையை ஒட்டிச் செங்கல் கோட்டை எழுந்தது. கோட்டைக்குள் இருக்கும் கல்லறைகளின் மேல் டச்சு மொழியில் ஆழமாக வெட்டிய எழுத்துகளும் குலச் சின்னங்களும் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. அதே டச்சுக்காரர்கள் உள்நாட்டுப் பக்கம் திருக்கழுக்குன்றத்து மலைக்கும் ஏறிப் போய், பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபத்தில் தங்கள் பெயர்களைச் செதுக்கிவிட்டு வந்திருக்கிறார்கள்.

1754 ஜனவரியில் இந்தக் கோட்டைக்கு இரண்டு கூட்டத்தார் வந்தார்கள். சென்னையிலிருந்து ஆங்கிலேயர், புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள். அந்த இருவருக்கும் நடந்த சண்டையில் டச்சுக்காரர்கள் எந்தப் பக்கமும் சேராதவர்கள். ஊரும் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே அமைந்தது. சமாதானம் பேச இதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

எதற்காகச் சமாதானம்? 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் நடந்த போரில் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டார். அவர் மகன் முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் புகுந்துகொண்டார். ஆங்கிலேயர் அவர் பக்கம் நின்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் சந்தா சாகிபை நவாப் என்றார்கள். ஐரோப்பாவில் அப்போது இரு நாட்டுக்கும் போரே இல்லை, 1748இல் உடன்படிக்கை ஆகிவிட்டது. ஆனாலும் ஆளுக்கொரு நவாபின் பேரைச் சொல்லி, காவிரிக் கரையிலும் பாலாற்றுக் கரையிலும் ஐந்து வருடம் அடித்துக்கொண்டார்கள். சந்தா சாகிப் 1752இல் தலை வெட்டப்பட்டு இறந்த பிறகும் அது ஓயவில்லை. லண்டனிலும் பாரிசிலும் இருந்த கம்பெனி முதலாளிகளுக்கு லாபக் கணக்கு கெட்டுப் போனதில் கவலை. இங்கே விதைத்தவர்களுக்கு யார் படை அறுவடைக்கு முன் வருமோ என்ற கவலை. இந்த இரண்டாவது கவலை எந்தப் பேச்சுவார்த்தைக் குறிப்பிலும் இடம்பெறவில்லை.

செங்கல்பட்டுச் சீமை அந்தப் போரின் நடுவே கிடந்தது. கோவளத்தில் ஒரு காலத்தில் ஆஸ்டெண்டு கம்பெனியார் வியாபாரம் நடத்தினார்கள். 1750இல் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று அங்கே நங்கூரம் போட்டது. கப்பலில் எல்லோருக்கும் நோய், கரையில் கொஞ்ச நாள் தங்க இடம் வேண்டும் என்று கோட்டையாரிடம் கெஞ்சினார்கள். இரக்கப்பட்டு உள்ளே விட்டார்கள். ஆயுதத்தை மறைத்துக் கொண்டுவந்திருந்த அந்த நோயாளிகள் ராத்திரியில் எழுந்து கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். 1752இல் ராபர்ட் கிளைவ் அதை மீட்கப் போனபோது அவர் படையில் இருந்தவர்கள் பெரும்பாலும் புதிதாகச் சேர்த்த கற்றுக்குட்டிகள். முதல் குண்டுச் சத்தத்தில் சிதறி ஓடிய அவர்களில் ஒருவனை அப்புறம் ஒரு கிணற்றின் அடியில் கண்டுபிடித்தார்கள். அந்தப் படையை வைத்துக்கொண்டே கிளைவ் கோவளத்தைப் பிடித்தார், கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தார், அங்கிருந்து செங்கல்பட்டுக்குப் போனார். ஏரியும் சதுப்பும் சூழ்ந்த செங்கல்பட்டுக் கோட்டையில் இருந்த பிரெஞ்சுத் தளபதி, மரியாதையோடு வெளியேற விட்டால் போதும் என்று கோட்டையைக் கொடுத்துவிட்டார். இன்று ரயில் அந்தக் கோட்டையை அறுத்துக்கொண்டு போகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஒரு பக்கம் கொளவாய் ஏரி தெரியும்.

அதே கோட்டைக்கு ஒரு தமிழரும் உரிமையாளராக இருந்தார், காகிதத்தில். புதுச்சேரியின் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேயின் தலைமைத் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) ஆனந்தரங்கப் பிள்ளைதான் அவர். சென்னைப் பெரம்பூரில் 1709இல் பிறந்தவர். அவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பு 1736இல் தொடங்கி 1761 வரை போகிறது. டூப்ளேயின் தயவால் தக்காணத்துச் சுபேதாரான முசாபர் ஜங், பிள்ளைக்கு 3000 குதிரைக்கு மன்சப்தார் பட்டம் கொடுத்தார். செங்கல்பட்டுக் கோட்டையின் கில்லேதார் (கோட்டைத் தலைவர்) பதவியும் அந்தச் சீமையின் ஜாகீரும் (வரி வாங்கும் உரிமையும்) அதோடு சேர்ந்து வந்தன. ஒரு நிலத்தை அதில் கால் வைக்காமலே ஒருவருக்குக் கொடுப்பது அப்போது எவ்வளவு எளிதாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கொடுத்த முசாபர் ஜங் 1751 பிப்ரவரியில் போரில் செத்தார். கோட்டை மறுவருடம் கிளைவ் கைக்குப் போனது.

இனி சதுரங்கப்பட்டினத்துப் பேச்சு மேசைக்கு வருவோம். ஆங்கிலேயர் பக்கம் இரண்டு பேர். ஒருவர் பாக். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஆஷ்பர்ட்டன் என்ற சிற்றூரில் 1717இல் பிறந்து, ஆக்ஸ்போர்டு வாதம் கல்லூரியில் படித்து, திருச்சபைப் பணிக்கு வந்தவர். 1748இல் புதுச்சேரியை முற்றுகையிட வந்த பாஸ்கவன் தளபதியின் கப்பற்படையோடு பாதிரியாராக வந்து, இங்கேயே கம்பெனிக்கு ஜெபம் நடத்தும் வேலையில் அமர்ந்தார். சென்னைக் கவர்னர் சாண்டர்ஸ் அவருடைய நாவன்மையைக் கவனித்தார். மற்றவர் ஹென்ரி வான்சிட்டார்ட். பதின்மூன்று வயதில் கம்பெனி எழுத்தராகக் கடலூர் வந்து, பாரசீக மொழியைக் கற்றுத் தேர்ந்தவர். சதுரங்கப்பட்டினத்தில் உட்கார்ந்தபோது அவருக்கு வயது 21. நவாபுகளின் கடிதம் எல்லாம் பாரசீகத்தில் இருந்த காலத்தில் அந்த இளைஞன் ஒரு படைப்பிரிவுக்குச் சமம்.

எதிர்ப் பக்கம் மூன்று பேர். தலைமை வகித்தவரும் ஒரு பாதிரியார்தான். இந்தியாவிலிருந்த பிரெஞ்சு யேசு சபையாரின் தலைவர் லவோர். அவருக்குப் பக்கத்தில் டூப்ளேயின் உறவினர் கெர்ஜான். 1752இல் பாகூர்ப் போரில் பிரெஞ்சுப் படையை நடத்தித் தோற்று, ஆங்கிலேயரிடம் கைதியாக இருந்துவிட்டு வந்தவர். மூன்றாமவர் போசே, புதுச்சேரி ஆலோசனைச் சபை உறுப்பினர். இரண்டு பாதிரியார்கள், இரண்டு திருச்சபைகள், நடுவே கிடந்ததோ ஆற்காடு, திருச்சி, செங்கல்பட்டு, தஞ்சாவூர். தமிழ் பேசும் ஒருவர்கூட அந்த மேசையில் பேச்சாளராக உட்காரவில்லை.

ஆங்கிலேயர் கேட்டது முக்கியமாக இரண்டு: முகமது அலியைக் கர்நாடக நவாபாக ஏற்க வேண்டும், தஞ்சாவூர் ராஜாவின் ஆட்சிக்கு உத்தரவாதம் வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் வேறு கணக்கோடு வந்திருந்தார்கள். தக்காணத்துச் சுபேதார் சலாபத் ஜங் டூப்ளேக்கே இந்தப் பகுதியின் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டார், அதை ஒப்புக்கொள்ளுங்கள் என்றார்கள். பதிலுக்குச் சென்னைக்காக நவாபுக்குக் கட்டிவந்த வருடப் பேஷ்கஷை (கப்பத்தை) விட்டுக்கொடுக்கிறோம், பூந்தமல்லியையும் அதைச் சேர்ந்த கிராமங்களையும் தருகிறோம், முகமது அலிக்குத் தக்காணத்தில் எங்காவது ஒரு பிழைப்பு ஏற்பாடு செய்கிறோம் என்றார்கள். பூந்தமல்லிக் கிராமங்கள் இப்படிச் சீர்வரிசைத் தட்டில் வைக்கிற பண்டமாக நீட்டப்பட்டன.

பேச்சு உடைந்தது காகிதத்தில்தான். லவோர் பாதிரியார் சன்னதுகளை, அதாவது உரிமைப் பட்டயங்களை, எடுத்து வைத்தார். முசாபர் ஜங் கொடுத்தவை, சலாபத் ஜங் கொடுத்தவை, எல்லாவற்றையும் உறுதிப்படுத்துவதாகச் சொல்லும் டில்லி பாதுஷாவின் ஒரு கடிதம். ஆங்கிலேயர் அந்தக் கடிதத்தைப் புரட்டிப் பார்த்து முத்திரையிலும் வடிவத்திலும் குறை சொன்னார்கள். அது போலி என்றார்கள். சரி, உங்கள் முகமது அலியின் சன்னது எங்கே என்று பிரெஞ்சுக்காரர்கள் திருப்பிக் கேட்டார்கள். ஆங்கிலேயர் கையில் அதைக் கொண்டுவந்திருக்கவில்லை. அத்தோடு மேசை கலைந்தது.

யார் காகிதம் உண்மை என்று அன்று அவர்கள் போட்ட சண்டையைப் பிற்கால வரலாற்று ஆசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அதைப் படிக்கும்போது ஒரு விஷயம் நெஞ்சில் தைக்கிறது. முத்திரை யாருடையது என்று சண்டை போட்டார்களோ, அந்த டில்லி பாதுஷா அகமது ஷா அதே 1754 ஜூனில் தன் வசீராலேயே அரியணையிலிருந்து இறக்கப்பட்டுக் கண்கள் குருடாக்கப்பட்டார். தன் கண்ணையே காத்துக்கொள்ள முடியாத ஒருவரின் பெயரால் பாலாற்றுக்கும் காவிரிக்கும் உரிமை பேசினார்கள். பாதுஷாவின் பலவீனம் இரு தரப்புக்கும் தெரியாமல் இல்லை. தெரிந்தும் முத்திரை வேண்டியிருந்தது, ஏனென்றால் அதைத் தவிர அவர்களுக்கு இந்த மண்ணில் வேறு எந்த உரிமையும் கிடையாது.

சதுரங்கப்பட்டினத்தில் தோற்ற பேச்சு புதுச்சேரியில் முடிந்தது. 1754 ஆகஸ்டில் பிரான்சிலிருந்து கொதே என்ற அதிகாரி வந்து இறங்கினார். டூப்ளேயைப் பதவியிலிருந்து நீக்கி ஊருக்கு அனுப்பும் உத்தரவு அவர் கையில் இருந்தது. அக்டோபரில் சண்டை நிறுத்தம். வருட முடிவில் கொதேக்கும் சாண்டர்சுக்கும் தற்காலிக உடன்பாடு. அதற்கான பேச்சிலும் பாக், வான்சிட்டார்ட் இருவருக்கும் பங்கு இருந்தது. இடையில் பாக் தஞ்சாவூருக்கும் தூது போனார். மராட்டிய மன்னர் பிரதாப் சிங் எந்தப் பக்கம் சாய்வது என்று காலம் கடத்திக்கொண்டிருந்தார். அவரை ஆங்கிலேயர் பக்கம் இழுத்து வைப்பது பாக்கின் வேலை.

லவோர் பாதிரியாரின் கதை வேறு விதமாக முடிந்தது. பின்னாளில் புதுச்சேரியை இழந்து பிரான்சு திரும்பிய தளபதி லல்லி மேல் துரோகக் குற்றம் சுமத்தி விசாரணை நடந்தது. லவோர் இறந்த பிறகு அவருடைய பெட்டியில் லல்லியைப் புகழ்ந்து ஒன்றும் இகழ்ந்து ஒன்றுமாக இரண்டு நினைவுக் குறிப்புகள் கிடைத்தன என்றும், இகழ்ந்த குறிப்பு விசாரணைக்குப் போய்ச் சேர்ந்தது என்றும் வால்தேர் எழுதினார். 1766 மே 9 அன்று பாரிசில் லல்லியின் தலை வெட்டப்பட்டது. எல்லாப் பக்கத்துக்கும் ஒரு காகிதம் தயாராக வைத்திருப்பது சதுரங்கப்பட்டினத்தில் அவர் காட்டிய பழக்கம்தான்.

லல்லி 1758 டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்டபோது செங்கல்பட்டுக் கோட்டை மறுபடியும் முன்னுக்கு வந்தது. அங்கிருந்து கிளம்பிய ஆங்கிலேயப் படையும் முகமது யூசுப் கானின் சிப்பாய்களும் பிரெஞ்சுப் படையின் முதுகில் ஓயாமல் அடித்தார்கள், தானிய வண்டிகளைப் பிடித்தார்கள். 1759 பிப்ரவரியில் லல்லி முற்றுகையைக் கைவிட்டதில் அந்தத் தொல்லைக்குப் பெரிய பங்கு உண்டு. நாம் மருதநாயகம் என்று அறியும் அதே யூசுப் கான்தான் அவர். கம்பெனிக்காக இந்தச் சீமையில் ரத்தம் சிந்திய அவர், மதுரையில் நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து நின்றபோது, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். அன்று ஜார்ஜ் கோட்டையில் கவர்னர் நாற்காலியில் இருந்தவர் பாக். தூக்குக்கு உத்தரவு நவாபுடையது என்று ஆவணங்கள் சொல்லும். முற்றுகை போட்டுப் பிடித்தது கம்பெனிப் படை. செங்கல்பட்டுக் கோட்டையிலிருந்து யூசுப் கான் செய்த உதவியை ஜார்ஜ் கோட்டை அத்தனை சீக்கிரம் மறந்ததை இந்தக் கட்டுரையால் சாதாரணமாகக் கடந்து போக முடியவில்லை.

பாக் நாற்காலிக்கு வந்த வழி இது: 1759இல் ஊர் போனார், திருச்சபை வேலையைத் துறந்தார், 1761இல் வான்சிட்டார்டின் தங்கை ஆனைத் திருமணம் செய்துகொண்டு சென்னை ஆலோசனைச் சபைக்குத் திரும்பினார். 1763 நவம்பரில் கவர்னர். அதற்கு முந்தைய மாதம்தான் நவாப் முகமது அலி ஒரு சன்னதில் கையெழுத்திட்டிருந்தார்: செங்கல்பட்டுச் சீமை கம்பெனிக்கு ஜாகீர். போர்ச் செலவுக்கு நவாப் பட்ட கடனுக்கு ஈடு. ஆனந்தரங்கப் பிள்ளைக்குக் காகிதத்தில் கிடைத்த ஜாகீர் கம்பெனிக்கு நிஜமாகவே கிடைத்தது. 1765இல் டில்லி பாதுஷா ஷா ஆலமும் அதை உறுதி செய்தார். கம்பெனி அந்த நிலத்தை உடனே நவாபுக்கே குத்தகைக்கு விட்டது. 1780 வரை வரி வாங்கும் கை நவாபுடையதாகவே இருந்தது. குடியானவனுக்கு ஒரு முதலாளிக்குப் பதில் இரண்டு.

கவர்னர் பாக் செய்த பெரிய ராஜதந்திரம் வடக்கே. வட சர்க்கார் மாவட்டங்களைக் கம்பெனிக்குக் கொடுப்பதாக 1765 ஆகஸ்டில் பாதுஷாவிடமிருந்து பர்மான் வந்தது. அந்த நிலம் ஐதராபாத் நிஜாம் அலியுடையது, அவர் கொதித்தார். பாக், கைலோ என்ற தளபதியை ஐதராபாத்துக்கு அனுப்பினார். 1766 நவம்பர் 12 அன்று உடன்படிக்கை. ஐந்து சர்க்கார்களுக்கும் சேர்த்து வருடம் 9 லட்சம் ரூபாய் நிஜாமுக்குக் கட்ட வேண்டும், கேட்டால் படையும் அனுப்ப வேண்டும். அந்தப் படை வாக்குறுதி கம்பெனியை மைசூர் ஐதர் அலியோடு போரில் இழுத்துவிட்டது. போர் வெடித்தபோது பாக் இங்கே இல்லை. 1767 ஜனவரியில் கப்பலேறிவிட்டார். 1769இல் ஐதர் அலி சென்னை வாசலுக்கே வந்து நின்று, தான் விரும்பிய உடன்படிக்கையை எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

ஊரில் பாக்கின் வாழ்க்கை செழித்தது. 1767 முதல் 1787 வரை நாடாளுமன்ற உறுப்பினர், பெரும்பாலும் தன் ஊர் ஆஷ்பர்ட்டனுக்கு. ஹால்டன் என்ற இடத்தில் மாளிகை. 1782இல் பாரனெட் பட்டம். தென்னிந்தியப் போர்களை நடத்திய ஸ்டிரிங்கர் லாரன்சு, திருமணமாகாத கிழவர், தன் சொத்தைப் பாக் குடும்பத்துக்கு விட்டுச் செத்தார். நன்றிக்கு 1788இல் ஹால்டன் குன்றின் மேல் பாக் ஒரு முக்கோணக் கோபுரம் கட்டினார், இன்றும் நிற்கிறது. வான்சிட்டார்டுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. வங்காளத்தில் கவர்னராக இருந்து ஊர் திரும்பி, 1769இல் மறுபடி இந்தியாவுக்குப் புறப்பட்ட அவருடைய கப்பல் அரோரா, தென்னாப்பிரிக்க முனையைத் தாண்டியபின் எங்கே போனது என்றே தெரியவில்லை. பாக் 1798 ஏப்ரலில் ஹால்டனில் இறந்தார்.

சதுரங்கப்பட்டினத்தின் நடுநிலையும் நிலைக்கவில்லை. ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் போர் மூண்டதும், 1781இல் ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றினார்கள். 1782 பிப்ரவரி 17 அன்று அந்தக் கரைக்கு எதிரே நடுக்கடலில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரானும் ஆங்கிலத் தளபதி ஹியூசும் பீரங்கியால் பேசிக்கொண்டார்கள். ஊர் பல கை மாறி, 1824 உடன்படிக்கையின்படி ஆங்கிலேயரிடமே வந்து சேர்ந்தது.

இந்தக் கரைக்குத் தூதர்கள் புதியவர்கள் அல்லர். கடற்கரைக் கோயிலைக் கட்டிய ராஜசிம்மப் பல்லவன் 720இல் சீனத்துத் தாங் அரசவைக்குத் தூது அனுப்பியதைச் சீனக் குறிப்புகள் சொல்கின்றன. 1956இல் சூ என்லாய் மாமல்லபுரம் வந்தார். 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் அர்ச்சுனன் தபசு முன்னால் நடந்தார்கள். அந்தச் சந்திப்புகளுக்கெல்லாம் நினைவு உண்டு, படமும் உண்டு. அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில், தமிழகத்தின் பெரும்பகுதி யாருக்கு என்று பேசிய மேசையைப் பற்றிக் கோட்டைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆள் வேண்டும்.

பாக் கப்பலேறிய அதே 1767இல் செங்கல்பட்டு ஜாகீரில் ஒரு வேலை தொடங்கியது. தாமஸ் பார்னார்டு என்ற பொறியாளர் கிராமம் கிராமமாக அளக்க ஆரம்பித்தார். 1774 வரை, ஏறத்தாழ 2000 ஊர்கள். நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, ஏரி எத்தனை, கோயிலுக்கு விட்ட மானியம் எது, எத்தனை வீடு, அதில் யார் என்ன தொழில். அதற்கான விவரம் கிடைத்த இடம் டில்லி முத்திரை போட்ட காகிதம் அல்ல. ஊர்க் கணக்குப்பிள்ளைகள் தமிழில் எழுதி வைத்திருந்த பனையோலைக் கட்டுகள். வெட்டியானுக்கு இத்தனை மரக்கால், தச்சனுக்கு இத்தனை, ஏரி மடை திறப்பவனுக்கு இத்தனை என்று களத்துமேட்டில் நெல் பிரிவதற்கு முன்பே அந்த ஓலைகளில் எழுதியிருந்தது. 1754 ஜனவரியிலும் அந்த ஓலைக் கட்டுகள் கணக்குப்பிள்ளைகளின் வீட்டுப் பரண்களில் இருந்தன.